ஞாயிற்றுக்கிழமை சிட்டி டூர்

வெளிநாட்டுக்கு டீம் கூட்டிக்கொண்டு போகிறேன், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று உங்களில் யாராவது கேட்டு வந்தால், பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள், காய்ச்சல் மாத்திரை எடுத்துக்கொள் என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிடுவேன். மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். எந்தப் பெண் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டியவள், எவள் ஹாக்கி ஸ்டிக்கை ஏர்போர்ட்டில் வைத்துவிட்டு வருவாள் என்பதையெல்லாம் முதல் பயணமே சொல்லிக் கொடுத்துவிடும். நான் பூனாவை ஒட்டிய கட்கியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே இருந்த பெண்கள் ஹாக்கி கிளப்புக்குப் பல வருஷம் மேனேஜராகவும் இருந்தேன். மேனேஜர் என்றால் தண்ணீர் பாட்டிலுக்குப் பொறுப்பானவர் என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற உங்களுக்காகத்தான், ஒரே ஒரு பயணத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பதினாறு வயதுக்கு உட்பட்ட எங்கள் பெண்களுக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தது. அங்கே பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி செயற்கைப் புல்தரை. எங்களுக்கோ மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி என்று ஒரு மைதானம். பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை எங்கள் பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். கல்லே இல்லாத தரையில் அந்தப் படிப்பு எதற்கு உதவும்?

கிளப் செயலாளர் நல்ல மனிதர். அசல் பூனாக்காரர். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார் என்றால் நாலு மணி வரை ஊரே இடிந்து விழுந்தாலும் எழுப்பக் கூடாது. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வியாழன் முதல் சனி வரை லீக் ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை முழுநாள் சிட்டி டூர், திங்கள் காலை விமானம் என்று போட்டுவிட்டார். பறவைகள் பூங்கா, கடற்கரை, தேக்காவில் மதியச் சாப்பாடு, அங்கேயே கடைத்தெரு. சிங்கப்பூரில் நம் ஜனங்கள் கூடும் இடத்துக்குத் தேக்கா என்று பெயர். பஸ்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது.

எனக்கு ஒன்று இடித்தது. ஞாயிற்றுக்கிழமைதான் செமி ஃபைனல். திங்கட்கிழமை ஃபைனல். அதை அவரிடம் சொன்னேன். அவர் ரொம்பப் பிரியமாகச் சிரித்தார். செமி ஃபைனலுக்குப் போகிற டீம்கள் வேறு மேடம், நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டைப் பார்க்கிற பாக்கியமாவது கிடைக்கட்டும் என்றார். அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச என்னிடம் ஒரு வெற்றிகூடக் கையிருப்பில் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் அந்தத் திட்டத்தைப் படித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள். எங்கள் கோல்கீப்பர் செல்வி. வேலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். அப்பா இல்லை. தாய்மாமன் வீட்டில் வளர்ந்தாள். அவள் அம்மா சிங்கப்பூரில் அக்காவின் மளிகைக் கடையில் கூடமாட இருக்கிறாள் என்று கட்கியில் எல்லோருக்கும் தெரியும்.

"மிஸ், சிட்டி டூர் ஞாயித்துக்கெழமதான? மாறாதில்ல?" என்று கேட்டாள்.

மாறாது என்றேன். தேக்காவில் பஸ் நிற்குமா என்றாள். நிற்கும் என்றேன். சாப்பாட்டு நினைப்பு போலிருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

கிளம்பிய அன்று பஸ்ஸடியில் எல்லா அம்மாக்களும் வந்திருந்தார்கள். கையில் சிவ்டா, சக்லி, லாடு என்று ஆளுக்கொரு பலகார டப்பா. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போகிற பிள்ளை தன் அம்மாவுக்கு மட்டும் நமஸ்காரம் பண்ணிவிட்டு ஏறிவிடாது. சிநேகிதிகளின் அம்மா யார் நின்றாலும் குனிந்து காலைத் தொட்டுவிட்டுத்தான் ஏறும். செல்வியும் வரிசையாக எல்லா அம்மாக்களின் காலையும் தொட்டாள். அவளுக்காக வந்திருந்தது மாமா மட்டும்தான். அவர் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். அங்கே அம்மாவைப் பார்த்துவிடுவாய் அல்லவா என்று யாரோ கேட்டதற்கு, பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அவசரமாக ஏறிக்கொண்டாள்.

சிங்கப்பூரில் இறங்கினால் ரயில் நிலையத்தில் தமிழ் எழுத்து. நான் மராத்தி ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அரசாங்கப் பலகையில் தமிழைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டேன். மராத்திப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் படிக்கச் சொல்லிக் கேலி செய்தார்கள். செல்வி மட்டும் தனியாக நின்று எழுத்துக் கூட்டித் தானே படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அரிது. யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். அம்மா தமிழில்தானே எழுதுவாங்க என்றாள்.

முதல் ஆட்டத்தில் செம அடி வாங்கினோம். இரண்டாவது ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கே புரியவில்லை. கல் இல்லாத தரையில் பந்து நேராகத்தான் போகும் என்ற ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஜெயித்துவிட்டோம். சனிக்கிழமை காலை மூன்றாவது ஆட்டம். ஜெயித்தால் செமி ஃபைனல், இல்லாவிட்டால் சிட்டி டூர். கேப்டன் மனீஷா இரண்டு கோல் போட்டாள், அவர்கள் ஒன்று போட்டார்கள். முடியச் சற்று நேரம் இருக்கும்போது எதிர் டீம் பெண் ஒருத்தி தடுமாறிக்கொண்டே ஒரு பந்தைத் தள்ளினாள். உருண்டு வந்தது, அவ்வளவுதான். கட்கியில் துப்பாக்கிக் குண்டு மாதிரி வருகிற பந்தைத் தடுக்கிறவள் செல்வி. அவள் நின்ற இடத்தில் நின்றபடி அந்தப் பந்து தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள்.

நல்லவேளை, கடைசியில் மனீஷா இன்னொன்று போட்டுக் காப்பாற்றினாள். விசில் அடித்ததும் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். டூர் போனால் போகட்டும் என்று பாட்டே பாடினார்கள். செல்வி கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கோச் ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர், மராத்திக்காரர். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இது தவறுதல் இல்லை மேடம், விட்டிருக்கிறாள் என்றார். எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்கப் போவதாகவும், நாளைக்கு மாற்று கீப்பரை இறக்கப் போவதாகவும் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இது உங்களுக்கான முதல் விஷயம். ஆட்டம் முடிந்த சூட்டில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைத்து ஏன் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் கிடைக்கிற பதில் யாருக்கும் பிரயோசனப்படாது.

நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் குழாயடியில் அவள் தன் காலுறைகளை அலசிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் ஒரு பக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அலச ஆரம்பித்தேன். பந்தைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவை நாளைக்குத்தான் பார்ப்பதாக இருந்ததா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"அம்மாவையே க்ரவுண்டுக்கு வரச் சொல்லலாமே. ஒரு நாள் கடையப் பெரியம்மா பாத்துக்க மாட்டாங்களா?"

அவள் குழாயை மூடினாள்.

"கடை இல்ல மிஸ். பெரியம்மாவும் இல்ல. ஒரு வூட்ல வேல செய்றாங்க. சமையல், துணி, கொழந்தயப் பாத்துக்கறது. மாசத்துல ஒரு ஞாயிறுதான் லீவு. எனக்கோசரம் நாளைக்குனு மாத்தி வாங்கினாங்க."

மதியச் சமையலை முடித்துவிட்டுத் தேக்காவுக்கு வருவாளாம். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டுமாம். நாங்களோ அந்த நேரத்தில் ஊரின் இன்னொரு மூலையில் மைதானத்தில் இருப்போம். மூன்று வருஷமாக அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. திங்கள் காலை விமானம். இதை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் சனிக்கிழமை கோலில் நின்றிருக்கிறாள். ஜெயித்தால் அம்மா கிடையாது, தோற்றால் அம்மா. பெரியவர்கள் நாங்கள் போட்ட அழகான திட்டம், ஒரு குழந்தையை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பாருங்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தைக் கழுவுகிற சாக்கில் சமாளித்தேன்.

அவளே சொன்னாள். "வேணும்னு வுடல மிஸ். கால் நகரல."

அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் நமக்குத் திருப்தி, குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை.

அம்மா வேலை செய்யும் வீட்டுக்குப் போன் பண்ணலாமா என்றேன். அவள் பயந்துவிட்டாள்.

"நக்கோ, வேணாம் மிஸ். அந்த வூட்டுக்கு யாரும் போன் பண்ணக் கூடாதாம். கோவத்துல லீவு குடுக்கலன்னா?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். போன் பண்ணாமல் விட்டால் அந்தத் தாய் தேக்காவில் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவாள். பண்ணினால் இருக்கிற லீவும் போகலாம். காய்ச்சல் என்று பொய் சொல்லி இவளைத் தேக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் டீமை விட்டுவிட்டு ஓடினவள் என்ற நினைப்பு ஆயுசுக்கும் இவளோடு போகும். நீயே சொல், என்ன செய்யலாம் என்று அவளிடமே விட்டுவிட ஆசையாக இருந்தது. அப்படி விடுவது பெருந்தன்மை மாதிரி தெரியும். பாதி சமயம் அது நம்முடைய பயத்தைக் குழந்தையின் தலையில் ஏற்றிவிடுவதுதான். மேனேஜர் என்று எனக்குப் பெயர் வைத்தது இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் சொன்னேன். நான் பேசப் போகிறேன், கெஞ்ச மாட்டேன், அந்த வீட்டுக்காரர்களையே ஆட்டம் பார்க்கக் கூப்பிடப் போகிறேன். வந்தாலும் வரலாம். வந்தால் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். உனக்குச் சம்மதமா?

ரொம்ப நேரம் காலுறையைப் பிழிந்தாள். "தெரியட்டும் மிஸ். அம்மாவப் பாக்கணும். அவ்ளோதான்."

பள்ளி அலுவலகத்தில் அனுமதி கேட்டு, செல்வி தந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தது வீட்டுக்கார அம்மாள். தமிழ்தான். என் பெயரைச் சொல்லி, இந்தியாவிலிருந்து ஹாக்கி டீம் கூட்டி வந்திருக்கும் ஆசிரியை என்றேன். உங்கள் வீட்டில் இருக்கும் லட்சுமியின் மகள் எங்கள் கோல்கீப்பர், நாளை மதியம் செமி ஃபைனல், நீங்கள் குடும்பத்தோடு எங்கள் விருந்தாளிகளாக வர வேண்டும், லட்சுமியையும் கூட்டி வர வேண்டும் என்றேன். உதவி என்ற வார்த்தையை வாயில் வரவிடவில்லை.

"அவ மக இங்க வந்திருக்கறத எங்கிட்ட சொல்லவே இல்லையே," என்றார். குரலில் கோபமா வருத்தமா என்று பிடிபடவில்லை. மைதானம் எங்கே என்று கேட்டுக்கொண்டார். "லட்சுமிகிட்ட சொல்றேன். மத்தத நாளைக்குப் பாப்போம்," என்று வைத்துவிட்டார்.

வெளியே செல்வி நின்றுகொண்டிருந்தாள். கட்டாயம் வருவார்கள் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, கேட்டதை அப்படியே சொன்னேன். பொய் நம்பிக்கை கொடுத்திருந்தால் அவள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்தான். மறுநாள் யாரும் வராவிட்டால் என்னையும் சேர்த்து இழந்திருப்பாள்.

கோச்சிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அது அவள் விஷயம், என்னுடையது இல்லை. காரணம் எனக்குத் தெரியும், சொல்ல முடியாது, நாளைக்கு அவளையே நிறுத்துங்கள், பொறுப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பட்டாளத்தில் இதற்குமேல் கேட்க மாட்டோம் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார். கூட வேலை செய்கிறவர்கள் இப்படி அமைவது கொடுப்பினை.

ஞாயிறு மதியம். முதல் பாதி முழுக்க பார்வையாளர் பக்கம் காலியாகத்தான் கிடந்தது. செல்வி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுவர் மாதிரி நின்றாள். எதிர் டீம் உள்ளூர்க்காரர்கள், அந்தத் தரையிலேயே வளர்ந்தவர்கள். அவர்கள் அடித்த எதையும் உள்ளே விடவில்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோச் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிய பிறகு ஒரு குடும்பம் படியேறி வந்தது. கணவன், மனைவி, ஒரு சின்னப் பெண் குழந்தை. அவர்களுக்குப் பின்னால் ஒரு தோளில் குழந்தையின் பையும், ஒரு கையில் பிளாஸ்க்கும், இன்னொரு கையில் குழந்தையின் தலைக்கு மேல் பிடித்த குடையுமாக ஒரு பெண். செல்வியின் மூக்கும் நெற்றியும் அப்படியே அந்த முகத்தில் இருந்தன.

அம்மாவைப் பார்த்ததும் மகளுக்குப் புது வேகம் வந்தது, டீம் ஜெயித்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. நடந்தது நேர்மாறு. செல்வி திரும்பிப் பார்த்தாள். பார்த்தது பார்த்தபடியே நின்றாள். அந்த நொடியில் பந்து உள்ளே போய்விட்டது.

கோச் என் பக்கம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் படிகளைப் பார்த்தார், கோலைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த கோலுக்கு நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை மேடம் என்றார். அதற்குப் பிறகு ஒரு பந்துகூட அவளைத் தாண்டவில்லை. ஆனால் அந்த ஒரு கோலே போதுமாக இருந்தது. தோற்றோம். ஜெயித்திருந்தால் திங்கள் காலை விமானத்தை வைத்துக்கொண்டு ஃபைனலுக்கு என்ன செய்திருப்போம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் பெண்கள் புல்தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். செல்வி கால் பட்டைகளைக் கழற்றாமலே படியை நோக்கி நடந்தாள். அம்மாவும் மகளும் எதிரெதிரே நின்றார்கள். கட்டிக்கொள்ள அம்மாவுக்குக் கை காலியாக இல்லை. செல்வி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்ச் வரை கூட்டி வந்தாள், அந்தக் குடும்பமும் பின்னாலேயே வந்தது. மனீஷாவும் மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். செல்வி மராத்தியில் சொன்னாள், குரல் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது.

"இது எங்கம்மா. கடை எதுவும் இல்ல. அம்மா இவங்க வீட்ல வேலை செய்றாங்க."

நான் பெண்களின் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் செமி ஃபைனலில் தோற்ற காரணம் அப்போது அவர்களுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. அதோடு, இத்தனை வருஷம் அவர்களிடம் சொல்லப்பட்டது பொய் என்றும் தெரிந்துவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளைகள், கோபப்பட்டிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்?

மனீஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து லட்சுமியின் காலைத் தொட்டு நமஸ்காரம் செய்தாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். அதற்குப் பின்னால் அடுத்தவள். கட்கியில் பஸ்ஸடியில் நின்ற அதே வரிசை. யாரும் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லை. சிநேகிதியின் அம்மா எதிரே நின்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? லட்சுமி தவித்துப் போனாள். ஆசீர்வாதம் பண்ணத் தலையில் கை வைக்க வேண்டும். கையில் பிளாஸ்க், குடை.

வீட்டுக்கார அம்மாள் பக்கத்தில் வந்து அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டார். தோளில் கிடந்த பையையும் எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ பிள்ளையோட இரு லட்சுமி. காலைல பிளேன் ஏத்திட்டு வந்தாப் போதும்," என்றார். சொல்லிவிட்டுக் குழந்தையோடு கிளம்பிவிட்டார். அவரைப் பற்றி முந்தின நாள் நான் மனதுக்குள் நினைத்ததற்கெல்லாம் வெட்கப்பட்டேன்.

அன்று பறவைகள் பூங்கா இல்லை, கடற்கரை இல்லை. டப்பாவில் மிச்சமிருந்த சிவ்டாவைப் பள்ளி வராந்தாவில் கொட்டி வைத்துக்கொண்டு எல்லோரும் லட்சுமியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு மராத்தி மறக்கவில்லை. ஒவ்வொருத்தி தலையையும் வாரிப் பின்னிவிட்டாள். செல்விக்கு மட்டும் பின்னிப் பின்னி, அவிழ்த்து அவிழ்த்து, மறுபடியும் பின்னினாள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பிள்ளைகள் தோற்றுவிடுவார்கள் என்று கணக்கு வைத்து ஒருநாளும் திட்டம் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அவர்களில் யாருக்காவது தோற்க வேண்டிய காரணம் வந்துவிடும். அதை அவர்கள் நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள்.

ஊர் திரும்பியபோது செயலாளர் பூச்செண்டோடு கட்கியில் காத்திருந்தார். பெற்றோர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். செல்வியின் மாமா அன்றைக்கும் ஸ்கூட்டரோடு தள்ளித்தான் நின்றார். செயலாளருக்கு டூர் போகவில்லை என்ற வருத்தம் தாங்கவில்லை. அவ்வளவு தூரம் போய் எதையுமே பார்க்காமல் வந்துவிட்டீர்களே என்று மனீஷாவிடம் அங்கலாய்த்தார்.

"பார்த்தோமே," என்றாள் மனீஷா. "செல்வியோட அம்மாவப் பார்த்தோம்."